ஆர்க்கிட் வாடுகிறதா? தண்ணீர் ஊற்றும் முன் வேரைப் பாருங்கள்

எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டு ஆர்க்கிட் வாடினாலும் தொட்டி எங்கள் வாசலுக்கு வந்துவிடும். சில வருடங்களாக இப்படித்தான். வந்த செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கதை. இலை தொங்கியிருக்கும், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றியிருப்பார்கள், உள்ளே வேர் அழுகியிருக்கும். தாகத்தில் தொங்கும் இலையும் வேர் அழுகித் தொங்கும் இலையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வேர் அழுகிவிட்டால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் செடியால் குடிக்க முடியாது. அதனால் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

முதல் ஆர்க்கிட்டாக நம் ஊரில் வாங்குவது பெரும்பாலும் இரண்டு வகைதான். அகலமான தடித்த நாலைந்து இலைகள் செடியின் அடியில் அடுக்காக இருந்து, இலை இடுக்கிலிருந்து நீளப் பூத்தண்டு வந்தால் ஃபாலனாப்சிஸ். கரும்பு மாதிரி கணுக்கணுவான தண்டுகள் கூட்டமாக நின்றால் டென்ட்ரோபியம். இந்த இரண்டுக்கும்தான் எழுதுகிறேன். சென்னை மாதிரி வெயில் ஊரை மனத்தில் வைத்துச் சொல்வதால், ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் தண்ணீர்க் கணக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூன்று சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இங்கிருந்து தொடங்குங்கள். ஐந்து நிமிடம் போதும்.

தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் ஊற்றி வடிந்ததும் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை தூக்கினால் கைக்கே எடை பழகிவிடும்.

ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் நடுவில் மெதுவாகச் செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். குச்சி ஈரமாகவோ நிறம் மாறியோ வந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மேலே காய்ந்து நடுவில் சொதசொதவென்று இருப்பது, ஸ்பாக்னம் பாசியில் (மண்ணுக்குப் பதில் தொட்டியில் அடைக்கும், ஈரம் பிடித்து வைக்கும் உலர்பாசி) நட்ட ஃபாலனாப்சிஸில் மிகவும் சாதாரணம்.

அப்புறம் வேரின் நிறம். காய்ந்த நல்ல வேர் வெள்ளி நிறத்தில் இருக்கும், நனைந்ததும் பச்சையாகும். விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, அழுத்தினால் நசுங்கும், மேல்தோல் உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தொட்டி என்றால் வெளியிலிருந்தே பாதி தெரிந்துவிடும்.

அறிகுறி: இலை தளர்ந்து தொங்குகிறது, சுருக்கம் விழுகிறது

வேர் வெள்ளியாக, கெட்டியாக இருக்கிறது. தொட்டி லேசாக இருக்கிறது

இது தாகம்தான். தொட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் 20 நிமிடம் உட்கார வையுங்கள். தண்ணீர் தொட்டியின் விளிம்புக்குக் கீழே நிற்கட்டும், குருத்து நனையக் கூடாது. எடுத்து முழுக்க வடிய விடுங்கள். அடுத்த நாளே இலை நிமிரும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆழமாக மடிப்பு விழுந்த பழைய இலை அப்படியே இருந்துவிடும், புதிய இலை சரியாக வந்தால் செடி தேறிவிட்டது. டென்ட்ரோபியத்தில் தண்டில் வரிவரியாகச் சுருக்கம் விழுவதும் இதே தாகம்தான்.

வேர் பழுப்பு, பாதிக்கு மேல் நசுங்குகிறது

வேர் அழுகல். எனக்கு வரும் செடிகளில் அதிகம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்றாவது மாடி அக்கா பரிசாக வந்த ஃபாலனாப்சிஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். அழகான வெள்ளைப் பீங்கான் தொட்டி. "தினம் ஒரே ஒரு டம்ளர் தண்ணிதான் தம்பி ஊத்துறேன், அதுக்கும் வாடுது" என்றார். தொட்டியைச் சாய்த்தேன். மூன்று டம்ளர் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர் கொட்டியது, சாக்கடை வாடை. பீங்கானுக்கு அடியில் ஓட்டையே இல்லை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதற்குள் இறுக்கி அடைத்த ஸ்பாக்னம் பாசி, பாசியின் நடுவில் தலைமுடி மாதிரி நூல்கள். மேலே ஒட்டிக்கொண்டிருந்த நான்கு வேர்கள் மட்டும் உயிரோடு இருந்தன. ஓட்டையில்லாத வெளித்தொட்டியில் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு தடவை சாய்த்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். செடியை வெளியே எடுத்து, ஓடும் தண்ணீரில் பாசி, மட்டை எல்லாவற்றையும் கழுவி எடுங்கள். கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி ஆறவைத்து, நசுங்கும் வேர்களை மட்டும் நல்ல பகுதி தெரியும்வரை வெட்டுங்கள். கெட்டியான வேர் பழுப்பாகத் தெரிந்தாலும் வெட்டாதீர்கள், பாசியின் கறை படிந்திருக்கும். வெட்டிய முனையில் மட்டும் சமையலறைப் பட்டையின் தூளைத் தொட்டு வையுங்கள். நல்ல வேர் மேல் அதைக் கொட்டினால் வேரையே உலர்த்திவிடும். பூ இருந்தால் பூத்தண்டை வெட்டிக் குவளையில் வைத்துவிடுங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் வேர் இல்லாத செடிக்குப் பூ பெரிய சுமை.

நிழலில் ஒரு நாள் அப்படியே காய விட்டு, புதிதாக நடுங்கள். சென்னைக்கு நான் போடும் கலவை: அடுப்புக்கரித் துண்டு, ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு மூன்றும் சம அளவு. துண்டுகள் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தால் சரி. மட்டைத் துண்டை இரண்டு மூன்று நாள் ஊறவைத்துத் தினமும் தண்ணீரை மாற்றினால்தான் உப்பும் சாயமும் போகும். மண், எரு, கோகோபீட் தூள் எதுவும் வேண்டாம். இந்தச் செடிகள் காட்டில் மரப்பட்டையில் ஒட்டி வளர்பவை, வேருக்குக் காற்று ஓட வேண்டும். தொட்டி சின்னதாக, வேர்க்கூட்டம் கொள்ளும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும். பெரிய தொட்டியில் ஈரம் தங்கி மறுபடியும் அதே கதைதான். செடி ஆடாமல் இருக்க ஒரு குச்சியில் கட்டிவிடுங்கள். ஆடினால் புது வேர் நுனி உரசிக் கருகும். மூன்று நாள் தண்ணீர் இல்லை, அதன் பிறகு வழக்கம்போல. புது வேர் நுனி பச்சையாகத் தெரியும்வரை உரமும் இல்லை.

வேரே இல்லை

இலை கெட்டியாக இருந்தால் இன்னும் வழி இருக்கிறது. பெரிய தெளிவான பிளாஸ்டிக் பையில் கைப்பிடி அளவு ஸ்பாக்னம் பாசியை நனைத்து, நன்றாகப் பிழிந்து போடுங்கள். பிழிந்த பிறகு சொட்டக் கூடாது. செடியை அதன் மேல், அடிப்பாகம் பாசியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்து, பையை மூடி, வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை திறந்து காற்று விடுங்கள். ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் அடியில் பச்சை முனை எட்டிப் பார்க்கலாம். இலையும் தோல் மாதிரி தொய்ந்து, நடுக்குருத்தும் கறுத்திருந்தால் அந்தச் செடி மீளாது. அதற்கு மேல் மருந்து வாங்கிச் செலவு செய்ய வேண்டாம்.

அறிகுறி: இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பாருங்கள், அதுதான் விடை.

அடியிலிருக்கும் ஒரே ஒரு இலை, மெதுவாக, முழுதாக மஞ்சளாகிறது: வயதான இலை. ஃபாலனாப்சிஸில் வருடத்துக்கு ஒன்றிரண்டு இப்படி உதிர்வது இயல்பு. பிய்க்காதீர்கள், தானே காய்ந்து கழன்று வரும்.

அடியில் இரண்டு மூன்று இலைகள் ஒரே நேரத்தில்: வேர்ப் பிரச்சினை. மேலே போய் வேரைப் பாருங்கள்.

செடி முழுக்க வெளிறிய மஞ்சள், சில நேரம் செம்பு நிறம்: வெயில் அதிகம். பகல் 12 மணிக்கு இலைக்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். கூர்மையான நிழல் விழுந்தால் ஃபாலனாப்சிஸுக்கு அந்த இடம் அதிகம், ஓரம் மங்கலான நிழல் விழுந்தால் சரி. டென்ட்ரோபியம் காலை வெயிலை விரும்பும், ஆனால் ஏப்ரல், மே மதிய வெயிலுக்கு அதற்கும் 50 சதவீத நிழல்வலை வேண்டும். வெளிச்சம் சரியாக இருந்தும் வெளிறிப்போனால் பசி. 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை, ஏற்கனவே நனைந்த வேருக்குக் கொடுங்கள்.

டென்ட்ரோபியத்தில் பழைய தண்டின் இலை மட்டும் மஞ்சளாகி உதிர்கிறது: கவலை இல்லை. மொட்டையான தண்டை வெட்டிவிடாதீர்கள். அது செடியின் சேமிப்பு, அதிலிருந்தே இன்னொரு முறை பூவும் வரும். தண்டு முழுக்கப் பழுப்பாகச் சுருங்கிக் காய்ந்த பிறகு வெட்டலாம்.

நடுக்குருத்து இலை மஞ்சளாகி, லேசாக இழுத்தால் கையோடு வருகிறது: இதுதான் அவசரம். அடுத்த பகுதியின் குருத்தழுகலுக்குப் போங்கள்.

அறிகுறி: இலையில் புள்ளி, கருகல், நீர்க்கசிவு

புள்ளியின் ஓரத்தில் ஒரு பேனாவால் கோடு போட்டு, அடுத்த நாள் காலையில் பாருங்கள். எனக்கு இதைவிட உதவிய சோதனை வேறில்லை.

கோட்டுக்குள்ளேயே நிற்கிறது, உலர்ந்திருக்கிறது, ஜன்னல் பக்கம் பார்த்த இலையில் மட்டும் வெளிறிய திட்டு: வெயில் சுட்டது. இடத்தை மாற்றுங்கள், இலையை வெட்ட வேண்டாம். தழும்பு இருக்கும், செடிக்குக் கெடுதல் இல்லை.

கோட்டைத் தாண்டிவிட்டது, நீர்கோத்த மாதிரி இருக்கிறது, கெட்ட வாடை வருகிறது: பாக்டீரியா அழுகல். வடகிழக்குப் பருவமழையின்போது நவம்பரில் இது நிறைய வரும். மற்றச் செடிகளிலிருந்து உடனே தள்ளி வையுங்கள். நெருப்பில் காட்டிய பிளேடால், அழுகல் முடியும் இடத்திலிருந்து ஒரு அங்குலம் நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டி எறியுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை மறுபடி சுட வேண்டும். வெட்டில் பட்டைத் தூள், மேலே மின்விசிறிக் காற்று, இலை மேல் தண்ணீர் படாமல் ஒரு வாரம். காற்றோட்டம் இங்கே பாதி மருந்து.

உள்வாங்கிய கறுப்புப் புள்ளி, வட்டம் வட்டமாக, மெதுவாகப் பரவுகிறது: பூஞ்சை. இலையை வெட்டிவிட்டு, மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து வெளியில் வைத்துத் தெளியுங்கள், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு. தாமிரம் கலந்த மருந்தை டென்ட்ரோபியத்துக்கும் பூத்திருக்கும் செடிக்கும் அடிக்காதீர்கள், செடியையே சுடும்.

நடுக்குருத்து கறுத்து வழவழப்பாகிறது: ஃபாலனாப்சிஸின் குருத்தழுகல். இரவு முழுக்கக் குருத்தில் தண்ணீர் நின்றால் வருவது. அழுகியதை எடுத்துவிட்டு டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி உலர்த்துங்கள். ஃபாலனாப்சிஸுக்கு வளர்முனை ஒன்றுதான். அது போனால் மேலே புதிய இலை வராது. மற்ற இலைகளும் வேரும் நன்றாக இருந்தால் தூக்கி எறியாமல் காத்திருங்கள், அடியிலிருந்து பக்கக்கன்று விடுவதுண்டு. இனிமேல் காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். குருத்தில் விழுந்ததை அன்றே ஒற்றி எடுங்கள்.

இலையில் வெளிர் கோடும் கறுப்புக் கோடும் திட்டுத்திட்டாக, புதிய இலையிலும் அதே, பூவில் நிறம் உடைந்து வருகிறது: வைரஸாக இருக்கலாம். கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது, நிபுணரிடம்தான் போக வேண்டும். கீழே சொல்கிறேன்.

அறிகுறி: மொட்டு பழுத்து உதிர்கிறது

செடி புதிதாக வாங்கி வந்ததா? இடம் மாறிய அதிர்ச்சியில் சில மொட்டுகள் உதிரும். ஓர் இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு நகர்த்தாமல் இருங்கள், அவ்வளவுதான்.

பக்கத்தில் என்ன இருக்கிறது? பழுக்கும் வாழைத்தாரும் மாம்பழமும் எத்திலீன் வாயுவை விடும். மொட்டுக்கு அது விஷம். ஊதுபத்திப் புகையிலும் அது உண்டு. சாப்பாட்டு மேசையிலும் பூஜை அறையிலும் வைத்த செடிகளின் மொட்டு வரிசையாகக் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன், இடம் மாற்றியதும் மிச்சம் மலர்ந்தது.

ஏசி காற்று நேராக அடிக்கிறதா? தொட்டி காய்ந்து போனதா? இரண்டையும் சரிசெய்யுங்கள். எதுவும் இல்லையென்றால் ஒரு மொட்டை உரித்து வெள்ளைத் தாளில் தட்டுங்கள். நகரும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் இலைப்பேன். பூத்தண்டை வெட்டி எறிந்துவிட்டு, வேப்பெண்ணெய் கரைசல் வாரம் ஒன்றாக மூன்று முறை அடியுங்கள்.

அறிகுறி: இலை செழிப்பு, பூ மட்டும் இல்லை

டென்ட்ரோபியம் என்றால் வெளிச்சக் குறைவுதான் முதல் சந்தேகம். இலை கரும்பச்சையாக இருக்கிறதா? வெளிச்சம் போதவில்லை. இளம்பச்சையாக மாறும்வரை கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு வாரத்தில், வெளிச்சத்துக்கு நகர்த்துங்கள். தண்டின் மேல் பூவுக்குப் பதில் குட்டிச் செடி முளைத்தால் தழைச்சத்து அதிகமாகியிருக்கலாம், வேரும் கெட்டிருக்கலாம். உரத்தைக் குறைத்து வேரைப் பாருங்கள்.

ஃபாலனாப்சிஸ் என்றால் விஷயம் வெப்பம். 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் அது இலையாக விட்டுக்கொண்டிருக்கும். சில வாரங்களாவது 25 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் பூத்தண்டு கிளம்பும். சென்னையில் டிசம்பர், ஜனவரி இரவுகள் கொஞ்சம் உதவும். இரவு ஏசி ஓடும் படுக்கையறையில், பகலில் நல்ல வெளிச்சம் வரும் ஜன்னலோரம் வைத்தால் இன்னும் நல்லது. இதற்காகத் தனி ஏசியோ கூடாரமோ வாங்கத் தேவையில்லை. வெயில் ஊரில் முதல் ஆர்க்கிட் எது வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் டென்ட்ரோபியம் என்று சொல்வது இதனால்தான்.

பூ முடிந்த பிறகு: ஃபாலனாப்சிஸ் பூத்தண்டு பச்சையாக இருந்து செடியும் திடமாக இருந்தால் அடியிலிருந்து இரண்டாவது கணுவுக்கு மேல் வெட்டலாம், அங்கிருந்து கிளைத் தண்டு வர வாய்ப்பு உண்டு. செடி மெலிந்திருந்தால் அடியோடு வெட்டி ஓய்வு கொடுங்கள். டென்ட்ரோபியத்தில் பூக்காம்பை மட்டும் வெட்ட வேண்டும்.

அறிகுறி: வெள்ளைப் பஞ்சு, பிசுக்கு, எறும்பு

பூத்தண்டில் தெளிவான தேன்துளி மட்டும், பூச்சி எதுவும் இல்லை: செடியே விடும் இனிப்பு. துடைத்துவிடுங்கள். எறும்பு அதற்குத்தான் வந்திருக்கும்.

இலையடியிலும் இடுக்கிலும் வெள்ளைப் பஞ்சு: மாவுப்பூச்சி. பழுப்புச் செதில் மாதிரி ஒட்டியிருந்தால் செதில் பூச்சி. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து எடுங்கள். அப்புறம் வேப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கு 5 மில்லி, சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் தெளிப்பு. வாரம் ஒருமுறை, ஒரு மாதம். முட்டை பொரித்து மறுபடி வரும், ஒரு தடவையோடு விட்டால் பயனில்லை. மூன்று சுற்றுக்குப் பிறகும் வந்தால் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள், அங்கேயும் இருக்கும்.

இலை அடிப்பக்கம் தூசி மாதிரி, மெல்லிய நூலாம்படை: சிலந்திப்பேன். வறண்ட கோடையில் வரும். இலையின் இரு பக்கமும் ஈரத்துணியால் துடைத்தாலே பாதி போய்விடும்.

அறிகுறி: தொட்டியில் வெள்ளைப் படிவு, வேர் நுனி கறுப்பு

போர்வெல் தண்ணீரின் உப்பு. நுனி கருகிய வேர் மறுபடி நீளாமல் நின்றுவிடும். மாதம் ஒருமுறை தொட்டியின் அளவைப்போல் நாலைந்து மடங்கு நல்ல தண்ணீரை ஊற்றி வழிய விடுங்கள். மழைநீர் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது இல்லை. சுத்திகரித்த குடிநீரும் சரிதான், கூடவே மெல்லிய உரம் வேண்டும். சுத்திகரிப்பானின் கழிவுநீரை மட்டும் ஊற்றாதீர்கள், உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

தொட்டிக்கு வெளியே வேர் தொங்குகிறது

கோளாறு இல்லை. காற்றில் தொங்குவது அந்த வேரின் இயல்பு. வெட்டாதீர்கள், உள்ளே திணிக்காதீர்கள், உடைந்துவிடும். காலையில் தண்ணீர் தெளித்தால் போதும்.

எப்போது ஆளைக் கேட்க வேண்டும்

வெட்டி உலர்த்திய பிறகும் அழுகல் மூன்றாவது முறை திரும்பினால், பல செடிகளுக்கு ஒரே நேரத்தில் பரவினால், வைரஸ் சந்தேகம் வந்தால், அதற்கு மேல் கடை மருந்தை மாற்றி மாற்றி அடிக்காதீர்கள். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். கோயம்புத்தூர் பக்கம் இருந்தால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையை அணுகலாம். கிளம்பும் முன் போன் செய்து, ஆர்க்கிட்டைப் பார்ப்பார்களா, எதைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும்போது புள்ளியும் நல்ல பகுதியும் சேர்ந்திருக்கும் இலைத்துண்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் காகித உறையில் போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே அழுகி, எது நோய் என்று தெரியாமல் போகும். முழுச் செடியின் படம், வேரின் படம், கடைசி ஒரு மாதத்தில் எப்போது தண்ணீர், என்ன மருந்து என்ற குறிப்பும் வேண்டும். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

வைரஸ் என்று உறுதியானால் மருந்து கிடையாது. செடியைத் தொட்டிக் கலவையோடு சேர்த்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், கன்று பிரித்து யாருக்கும் கொடுக்காதீர்கள். அதை வெட்டிய கத்தரிக்கோலை நெருப்பில் சிவக்கக் காட்டாமல் இன்னொரு செடியைத் தொடாதீர்கள். அது பரவுவது பெரும்பாலும் நம் கத்தரிக்கோல் வழியாகத்தான்.